பழவேற்காட்டில் ஓர் இரவு தங்க யாராவது வருவார்களா?

பெலிக்கட் கைலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடங்களாக இங்கே வாசகனாக மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் பழவேற்காடு. பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். தமிழ்நாடு வடகிழக்கில் முடிகிற மூலை. ஏரியில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் ஆந்திரா வந்துவிடும். கோடு எந்த இடத்தில் என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது, வலை போடுகிறவனுக்கு அங்குலக் கணக்கில் தெரியும். ஏரியின் பெரும்பகுதி அவர்கள் பக்கம். கோட்டை, கல்லறை, ஊரை ஒட்டிய முகத்துவாரம் எல்லாம் எங்கள் பக்கம்.

இருபத்தாறு வருடம் மலேசியாவில், கிள்ளானில் ஒரு துணிக்கடையில் இருந்தேன். அங்கே கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். நாளைக்கு இருபது முப்பது மடித்துக் கொடுப்பேன். ஒரு நாள் ஒரு மலாய்ப் பெரியவர், “பெலிக்கட் என்றால் என்ன?” என்று கேட்டார். “எங்கள் ஊர்ப் பெயர் ஐயா. பழவேற்காட்டை வெள்ளைக்காரன் புலிக்காட் என்றான், நீங்கள் பெலிக்கட் ஆக்கிவிட்டீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் இந்தத் துணி இங்கே வந்தது” என்றேன். அவர் கண் விரிந்துவிட்டது. “போய்ப் பார்க்க வேண்டுமே, அங்கே என்ன இருக்கிறது?” என்றார். நான் யோசிக்காமல், “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஊர் திரும்பி இரண்டு வருடமாகிறது. அத்தா விட்டுப்போன வீடு இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம், சும்மா கிடக்கிற மூன்று அறைகள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் எண்பது அடிகூட இராது. நுழைவாயிலில் இரு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்களே, அதே தோட்டம்தான். சிறுவயதில் இருட்டியபின் அந்தப் பக்கம் போக மாட்டோம். இப்போது அதன் முன் நின்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். சென்னை வண்டிகள் நாற்பத்தொன்று. பதினொரு மணிக்கு வருகிறார்கள். முதல் கேள்வி, “போட் எங்கே?” படகுச் சவாரிக்குத் தடை என்று சொன்னால் முகம் சுருங்கும். மூலையில் நிற்கும் ஒரு பையன் காதோடு ஏதோ சொல்வான், சிலர் அவன் பின்னால் போவார்கள். பிறகு வறுத்த மீன், எலும்புக்கூட்டோடு ஒரு படம், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. மூன்று மணிக்குத் தெரு காலி. அந்த நாற்பத்தொன்றில் கோட்டையைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே வண்டிக்காரர்கள். அதில் ஒருவர் நின்றுகொண்டு கேட்ட மேடுதான் கோட்டை. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரம் முழுவதையும் ஆண்ட இடம். நாணயச்சாலை, வெடிமருந்து ஆலை எல்லாம் இருந்தன. ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். மிச்சம் புதரும் அகழியும்தான். அவரிடம், “ஐயா, அதன் மேல்தான் நிற்கிறீர்கள்” என்றேன். காலைத் தூக்கிப் பார்த்தார்.

படகு வேண்டாம் என்பதில் நான் உறுதி. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நான் கிள்ளானில் தொலைக்காட்சியில் பார்த்தேன். நான் நீந்திப் பழகிய தண்ணீரிலிருந்து குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். மீன் பிடிக்கும் படகில் ஆளை ஏற்றிக் காசு பார்க்கும் வேலை என் வாசலிலிருந்து தொடங்காது.

ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். எது என்று சொல்ல வேண்டாம், எல்லாம் ஒரே நாற்காலிதான். ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதில் ஏரி பாதி நீலம். எல்லைக்கு அப்பால் வெள்ளைத் தாள். பிறகு ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழாவுக்குப் போனபோது அங்கேயும் ஒன்று கிடைத்தது. அதில் வடபாதி நீலம், எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளம்பரம். இரண்டையும் வீட்டு மேசையில் ஒட்டிவைத்துப் பார்த்தேன், அப்போதுதான் முழு ஏரி வந்தது. பறவை அவர்களிடம், பழைய கதை எங்களிடம். சேர்த்துக் காட்ட ஆளில்லை.

கேட்க வந்தது இதுதான். மூன்று அறைகளையும் விருந்தினருக்கு விட நினைக்கிறேன். படகு இல்லாமல் ஒருவரை ஓர் இரவு நிறுத்த முடியுமா? எதைக் காட்டினால் நிற்பார்கள்? மறுநாள் எல்லை தாண்டி அந்தப் பக்கம் கூட்டிப்போவது நடக்கிற காரியமா? இப்படிச் சிறிய ஊரில் வீட்டைத் திறந்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். “ஆசைக்கு அளவு வேண்டும் பாய்” என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அந்தப் பதில் மட்டும் வேண்டாம்.

---

உள்ளான் எழுதியது:

பாய், பெரம்பூரிலிருந்து பதினைந்து வருடங்களாக உங்கள் ஏரிக்கு வந்துபோகிறேன். ஒரு முறைகூட இரவு தங்கியதில்லை, தங்க இடமில்லாததுதான் காரணம். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நான் வருவேன்.

ஆனால் ஒன்று. வாசலில் பூநாரைப் படம் போட்ட பலகை வைக்காதீர்கள். அது உங்களுக்கே வினையாகும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை. கால் ஊன்றி நிற்கும் ஆழம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். மொத்த ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், மழை முடிந்த கையோடு எது மேடு எது பள்ளம் என்று அதற்குத்தான் தெரியும். பல நாட்களில் உங்கள் கரையிலிருந்து பார்த்தால் தொலைவில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய் பெட்ரோல் போட்டு வந்தவர் அந்தக் கோட்டுக்காக உங்களைத் திட்டுவார்.

பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்காக வெட்டிப் போகும் சாலைதான். பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும், இரு பக்கமும் தண்ணீர். நவம்பரிலிருந்து மார்ச் வரை காலம், எனக்கு ஜனவரி பிடிக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலையில் போகும்போதே வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். சாலை கிழக்கே போகிறது, வெயில் நேராக முகத்தில் அடிக்கும், பறவை எல்லாம் கறுப்பாகத் தெரியும். நேராக உள்ளே போய்விட்டுத் திரும்பும்போது பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்த நிறம் தெரியும். நேரம் இருந்தால் வடக்கே நேலப்பட்டு பறவைச் சரணாலயம். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

போக்குவரத்துக்குக் கார் வைக்காதீர்கள். பொன்னேரியிலிருந்து சூளூர்பேட்டைக்கு ரயில் இருக்கிறது. எல்லா ரயிலும் போகாது, பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கி அந்த ஊர் வண்டியைப் பிடியுங்கள். அவர்களுக்கும் நாலு காசு போகட்டும்.

இனி என் சொந்தக் கட்சி. பூநாரை பார்க்க வருபவன் அன்றே வீடு திரும்புவான். உள்ளான் பார்க்க வருபவன்தான் தங்குவான். முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றுத் திட்டில் நீர் வற்றும் நேரத்தில் சின்னச் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஓடுமே, அவைதான். சைபீரியப் பக்கத்திலிருந்து வருகிறவை. எது எந்த உள்ளான் என்று கண்டுபிடிக்க விடியற்காலை மூன்று மணி நேரம் சேற்றில் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கிறுக்கர்கள் சென்னையில் நூறு பேராவது இருக்கிறோம். எங்களுக்குக் குளிர்சாதனம் வேண்டாம், நாலரை மணிக்குச் சூடாகத் தேநீர் கிடைத்தால் போதும்.

இன்னொன்று விட்டுவிட்டேன். ராக்கெட் ஏவும் நாட்கள். 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் பார்க்க மாடம் திறந்திருக்கிறார்கள். முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடுகிறது. இடம் கிடைக்காதவர்களுக்கு உங்கள் மொட்டை மாடி இருக்கிறது.

---

வேகமே விவேகம் எழுதியது:

நண்பரே, இத்தனை நீட்டி யோசிக்க வேண்டியதே இல்லை. கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் போட்டார்கள், கூட்டம் அள்ளுகிறது. பழவேற்காட்டில் ஏரியின் மேல் ஒரு கண்ணாடிப் பாலம், தண்ணீர் ஸ்கூட்டர், நூறு அறையில் ஒரு பெரிய விடுதி. அரசு நினைத்தால் ஒரே வருடத்தில் முடியும். எலும்புக்கூட்டைப் பார்க்க யார் இரவு தங்குவார்கள்? ஏரி பறவைச் சரணாலயம் என்பார்கள். பறவைக்கு இறக்கை இருக்கிறது, தள்ளிப் போய்க்கொள்ளும்.

---

பாடு இல்லாத நாள் எழுதியது:

மேலே கண்ணாடிப் பாலம் கேட்டவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பெலிக்கட் பாய்க்கு மட்டும் எழுதுகிறேன். நான் உங்கள் ஊர்க் குப்பத்துப் பெண். எந்தக் குப்பம் என்று சொன்னால் யார் மகள் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். இப்போது சென்னையில் செவிலியர் வேலை. உங்களுக்கு என் அப்பா வயது இருக்கும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு பெரிய பதிவில் குப்பம் என்ற சொல்லே இல்லை. வலை போடுகிறவன் என்று ஒரு வரியில் வந்துபோகிறோம். காதோடு பேசும் பையனாக இன்னொரு முறை. அந்தப் பையன் என் சித்தி மகனாகவும் இருக்கலாம். அவன் ஏன் மூலையில் நிற்கிறான் என்று திண்ணையிலிருந்து எண்ணியபோது கேட்டீர்களா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இறால் வரும் நல்ல இடங்களைப் பிரித்து, எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். இன்று எனக்கு நல்ல இடம், அடுத்த முறை உனக்கு. இதை எந்த அரசும் எழுதிக் கொடுக்கவில்லை, பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறது. பாடு இல்லாத நாளில் வருமானம் இல்லை. முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறாலும் வராது, பாடு இருந்தும் பயனில்லை. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். உங்கள் மொட்டை மாடியில் கைதட்டுவார்கள். கீழே எங்கள் வீட்டில் உலை வைக்க யோசிப்போம். கைதட்டக் கூடாது என்று சொல்லவில்லை, நானும் சின்ன வயதில் கைதட்டியிருக்கிறேன். தெரிந்துகொண்டு தட்டுங்கள் என்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கார்க்காரர் ஒருவர் ஆயிரம் ரூபாயை நீட்டினால் அந்தப் பையன் என்ன செய்வான்? படகு தப்புதான். இருபத்திரண்டு பேரைக் கரையில் வரிசையாகக் கிடத்தியதை எங்கள் தெருவே பார்த்தது. மூழ்கியவர்களைத் தேடி முதலில் தண்ணீரில் குதித்ததும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் தப்பு என்று சொல்லிவிட்டு வேறு வேலை காட்டாமல் போவது சுலபம்.

உங்கள் வீட்டுக்கு ஆள் வருவது எனக்குச் சந்தோஷம். சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தளவு தண்ணீரில் இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். வருகிறவர்கள் அதைப் படம் எடுக்கப் பாய்வார்கள். உடம்போடு ஒட்டிய ஈரத்துணியில் நிற்கிற பெண்ணை யாரும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இதை வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். மீனைப் பொன்னேரியிலிருந்து மொத்தமாக வாங்கி வராதீர்கள், கரை ஏலத்தில் எங்கள் பெண்களிடம் வாங்குங்கள். மடவை கிடைக்கும் நாளில் மடவை, கிடைக்காத நாளில் கருவாட்டுக் குழம்பு. வருகிறவர் நண்டு கேட்பார். நல்ல களி நண்டெல்லாம் உயிரோடு கட்டி சிங்கப்பூருக்குப் போய்விடுகிறது, அதையும் சொல்லுங்கள். அதுவும் கதைதானே.

கடைசியாக, விடியற்காலையில் சேற்றுத் திட்டுக்குக் கூட்டிப்போக உங்களுக்கு ஆள் வேண்டும். உள்ளான் ஐயாவுக்குப் பறவையின் பெயர் தெரியும். எந்தச் சேறு முழங்கால்வரை இழுக்கும் என்று எங்கள் பையன்களுக்குத்தான் தெரியும்.

---

பெலிக்கட் கைலி எழுதியது:

அம்மா, நேற்று இரவு உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “இந்தப் பெண் சொன்னது ஒவ்வொன்றும் சரி” என்றாள். பிறகு, “நீங்கள் குப்பத்துப் பக்கம் கால் வைத்து எத்தனை மாதம் ஆகிறது?” என்று கேட்டாள். கணக்குப் பார்த்தேன். ஊர் வந்தபின் ஒரு கல்யாணம், ஒரு சாவு. இரண்டே முறை.

நான் சிறுவனாக இருந்தபோது அத்தாவின் கடைக்கு எதிரே ஏலம் நடக்கும். கூடை கூடையாக இறால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாடு என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். என்ன அது என்று அறுபது வயதுக்குப் பக்கத்தில் உங்களிடமிருந்து தெரிந்துகொள்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து குப்பத்துப் பெரியவர்களைப் பார்க்கப் போகிறேன். யார் மகள் என்று தேட மாட்டேன், வாக்கு.

---

மேக்கரை எழுதியது:

அண்ணன், நானும் எல்லைக்காரன்தான், உங்களுக்கு நேர் எதிர் மூலையில். செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் தமிழ்நாடே கிடையாது, திருவிதாங்கூர்–கொச்சி. என் தாத்தா மலையாளத்தில் வாய்பாடு சொல்வார். எங்களுக்கும் இதே தொல்லை. குளிப்பதற்குக் குற்றாலம், ரயிலிலிருந்து படம் எடுப்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் பதின்மூன்று கண் பாலம். நடுவில் நாங்கள் பஸ் மாறும் இடம். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டில் இரண்டு அறைகளைத் திறந்தேன். முதல் பருவத்தில் வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் மைத்துனன் வகை, காசு கொடுக்கவில்லை.

உங்கள் பதிவில் ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. கல்லறைத் தோட்டம் எண்பது அடி என்றீர்களே, அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010இல் திருத்திய சட்டப்படி அந்த எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டர் அனுமதியோடுதான். உங்கள் வீடு நட்ட நடுவில் இருக்கிறது. பழுதுபார்க்கலாம், அதற்கும் முன்அனுமதி வாங்க வேண்டும். மாடியில் ஓர் அறை எழுப்பிவிடலாம் என்று யாராவது மேஸ்திரி ஆசை காட்டினால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு விதத்தில் இது உங்களுக்கு நல்லது. எதிரே யாரும் நூறு அறை விடுதி கட்ட முடியாது.

சுற்றுலாத் துறையில் வீட்டுத் தங்கலாகப் பதிவு செய்துவிடுங்கள். மத்திய அரசின் திட்டத்தில் ஒன்றிலிருந்து ஆறு அறைவரை அனுமதி, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சாப்பாடு போடுவதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுக்க வேண்டும். முன்னோர் கல்லறையைத் தேடி ஹாலந்திலிருந்து யாராவது வரலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். என் முதல் வெளிநாட்டு விருந்தினருக்கு இதை மறந்துவிட்டு மறுநாள் காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை, தேநீர் கொடுத்தார்கள். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

வாடகை வண்டியில் எல்லை தாண்டினால் பர்மிட், வரி என்று தனிக் கணக்கு வரும். ரயில் யோசனை சரியான யோசனை.

பணத்தைப் பற்றி: மலிவாகப் போடாதீர்கள். நான் முதலில் எழுநூறு ரூபாய் வைத்தேன். குடிக்க இடம் தேடியவர்கள் வந்தார்கள். சாப்பாட்டோடு ஆயிரத்து எண்ணூறு ஆக்கிய பிறகுதான் ஊரைப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். முதல் செலவு கட்டிலுக்கு அல்ல, கழிவறைக்கு. ஓடு உடையாமல், தாழ்ப்பாள் விழுமாறு, வாளி புதிதாக. என் வீட்டைப் பற்றி யாராவது நல்லபடியாக எழுதியிருந்தால் அதில் பாதி கழிவறையைப் பற்றித்தான். மலை, அருவி எல்லாம் அதற்குப் பிறகு.

---

பெலிக்கட் கைலி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை. அதனால் காசு வாங்காமல் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். உள்ளான் ஐயாவும் அவர் நண்பர்கள் மூவரும் விருந்தாளிகளாக வந்தார்கள். அதில் ஒரு அம்மா பள்ளி ஆசிரியை.

முதல் நாள் மாலை நடைதான். கோட்டை மேடு, செம்பாறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், 1515ஆம் ஆண்டு தொடங்கிய மகிமை மாதா ஆலயம், எங்கள் பள்ளிவாசல், கடைசியில் கல்லறைத் தோட்டம். ஒரு மைலுக்குள் இத்தனையும். கல்லறையில் நின்றபோது ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை. 1600களில் பஞ்சத்திலும் போரிலும் அடிபட்ட சனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா என்கிற பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பிடித்துக் கொடுத்த தரகர்கள் உள்ளூர்க்காரர்கள். விருந்தாளியிடம் போய் இதையா சொல்வது என்று மனைவி முன்பே தடுத்திருந்தாள். சொன்னேன். யாரும் படம் எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். வணிகர்களுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது, கப்பலேறியவர்களுக்கு எங்கே என்று ஆசிரியை அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரவில் மின்சாரம் இரண்டு மணி நேரம் போய்விட்டது. கொசு பிய்த்து எடுத்தது. மேக்கரை தம்பி, கழிவறையைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் செய்தேன். கொசுவைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குப்பத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். பெரியவர்கள் பேசி அனுப்பியவர்கள். பாடு இல்லாதவர்கள் முறை வைத்து வருவார்கள் என்று ஏற்பாடு. ஒரு காலைக்கு ஆளுக்கு அறுநூறு ரூபாய். அந்தக் காசு என் கையிலிருந்து போனது, அதில் மட்டும் வெள்ளோட்டம் கிடையாது. ஒருவன் முகம் எனக்குத் தெரியும். மூலையில் நின்றவன்தான். அவனும் என்னைப் பார்த்தான், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டில் உள்ளான் ஐயா, “சின்ன உள்ளான், கொசு உள்ளான்” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அதற்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர் என்று அந்தப் பையன் திருத்தினான். ஐயா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்று எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

சூளூர்பேட்டைப் பயணம் பாதி தோல்வி. ரயில் தாமதம், சாலையை அடையும்போது மணி பத்து. பூநாரைகள் தூரத்தில் இருந்தன. அதிலும் ஆசிரியை அம்மா வரவே இல்லை. காலைச் சாப்பாட்டின்போது என் மனைவி முற்றத்தில் பனையோலைக் கூடை முடைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, “நான் இங்கேயே இருக்கிறேனே” என்று உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது இருவர் மடியிலும் ஓலை. அவர் முடைந்தது கூடையா முறமா என்று சொல்ல முடியாத ஒரு வடிவம், ஆனாலும் விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். இப்போது என் மனைவி, கூடை சொல்லிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்கிறாள். ஆசைக்கு அளவு வேண்டும் என்று சொன்னவள் இவள்தான்.

அடுத்த தேதி ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்திருக்கிறேன். உள்ளான் ஐயா, உங்கள் தொலைநோக்கியின் முக்காலியில் ஒரு கால் ஆடுகிறது, அதைச் சரிசெய்து கொண்டுவாருங்கள். பாடு இல்லாத நாள் அம்மா, வாக்குக் கொடுத்தபடி தேடவில்லை. ஆனால் மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என் மகள் உங்களைப் பற்றிச் சொன்னாள்” என்று இரண்டு மடவை அதிகமாகப் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மேக்கரை தம்பி, கொசுவலை பஞ்சில் வாங்குவதா நைலானிலா? கட்டிலுக்குக் கம்பம் இல்லை, உத்திரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். ஆணி அடித்தால் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.